தேர்தலுக்குப் பிறகு தினம் அரை மணி நேரம்: ஒன்றரை வருட அனுபவம்

பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். தக்காளி மண்டிக்கு வந்துவிட்டு இங்கே எட்டிப் பார்ப்பவர்கள் மருந்து வாங்குகிற சாக்கில் அரசியலும் பேசிவிட்டுத்தான் போவார்கள். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். தருமபுரியில் காலையில் முன்னிலையில் இருந்த பா.ம.க.வின் சௌமியா அன்புமணி, கடைசியில் தி.மு.க.வின் ஆ. மணியிடம் 21,300 வாக்குகளில் தோற்றார். "எப்படிண்ணா மாறுச்சு?" என்று மறுநாள் கடைக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து கடை சாத்தியதும் தினம் அரை மணி நேரம் படிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று மாதம் அரசியல் அலசல் கட்டுரைகள், யூடியூப் விவாதங்கள். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தொகுதியைப் பற்றிச் சாதிக் கணக்கைத் தாண்டிப் பேசியவர்கள் குறைவு. சேலம் மாவட்டத்து மேட்டூரும் தருமபுரி மக்களவைத் தொகுதியில்தான் வருகிறது என்பதையே சிலர் மறந்துவிட்டு எழுதினார்கள்.

அப்புறம்தான் படிவம் 20 கையில் கிடைத்தது. எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்று சொல்லும் இறுதி அட்டவணை அது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒன்றரை வருடத்தில் நான் படித்ததில் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. சிரமமும் இதில்தான் அதிகம். சாவடி எண் மட்டும் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. வாக்குச்சாவடிப் பட்டியலைத் தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். செல்போனில் பார்த்தால் வரிசை தவறிப் பக்கத்து வேட்பாளரின் எண்ணைப் படித்துவிடுவோம். நான் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். எங்கள் தெரு முழுக்க ஒரே கட்சி என்று இத்தனை வருடம் அடித்துப் பேசியிருக்கிறேன். எங்கள் சாவடியில் இரண்டு கட்சிகளும் கிட்டத்தட்டச் சமமாக வாங்கியிருந்தன. அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

காலை முன்னிலை மாறிய கதையும் இதோடு சேர்த்துப் படித்தபோதுதான் புரிந்தது. ஒரு சட்டமன்றப் பகுதிக்கு வழக்கமாக 14 மேசை. சாவடி வரிசைப்படி மேசைக்கு ஓர் இயந்திரம் எண்ணி முடித்தால் ஒரு சுற்று. ஆகவே முதல் சுற்றுகளில் வருவது அடுத்தடுத்து இருக்கிற சில ஊர்களின் வாக்கு மட்டுமே. ஊர் மாற மாற முன்னிலையும் மாறும். இப்போது கடையில் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அடுத்து நாடாளுமன்றத்தின் இணையதளம். நம் எம்.பி. என்ன கேள்வி கேட்டார், அமைச்சர் என்ன பதில் தந்தார் என்பதெல்லாம் பெயர் போட்டுத் தேடினால் வந்துவிடும். பதில்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. தமிழில் இல்லாதது பெரிய குறை. ஓட்டுப் போட்டவருக்கு அவர் மொழியில் பதில் கிடைக்க வேண்டாமா? கல்லூரியில் படிக்கிற என் மகள்தான் வாரம் ஒருநாள் உட்கார்ந்து படித்துச் சொல்கிறாள்.

மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை பற்றி வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஏதாவது வரும். ஒருமுறை 'வேலை முடியப்போகிறது', இன்னொருமுறை 'திட்டமே ரத்து'. இப்போது எதையும் நம்பி அனுப்புவதில்லை. பட்ஜெட் முடிந்ததும் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்று சொல்லும் ரயில்வேயின் பிங்க் புத்தகத்தில் திட்டத்தின் பெயரைத் தேடி, நேரே போட்டிருக்கிற அந்த வருட ஒதுக்கீட்டைப் பார்க்கிறேன். 36 கிலோமீட்டர் பாதைக்கு எங்கள் அப்பா காலத்திலிருந்து காத்திருக்கிறோம். அந்த ஒரு வரியைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது.

செய்தித்தாளை விடவில்லை. உள்ளூர்ப் பக்கம் மட்டும் காலையில் படிக்கிறேன். விவாத நிகழ்ச்சிகளை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது, எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

போன வாரம் பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். "எங்க ஊரு கணக்கும் அதுல இருக்குமா தம்பி?" என்றார். இருக்கும் என்றேன். பென்னாகரம் பகுதி அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து, சாவடி எண்ணுக்கு நேரே பேனாவால் ஊர்ப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் மூன்று பக்கம் பாக்கி.