முன் சில்லு இறக்கத்துக்கு, பின் சில்லு போட்டிக்கு: மலைநாட்டு ட்ரையத்லன் சைக்கிளுக்கு எந்தக் கார்பன் சில்லு?

நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு ட்ரையத்லனுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டி) ஆழமான கார்பன் சில்லு, அதாவது காற்றை வெட்ட ரிம்மை மையம் நோக்கி அகலமாக்கிய சில்லு, வாங்குபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. பயிற்சி முழுக்க ஏற்ற இறக்கத்தில் நடக்கும். போட்டியோ பெரும்பாலும் கடல் மட்டத்தில். கொழும்பில் 2018இல் முதன்முதலாக நடந்த அயர்ன்மேன் 70.3இல் 90 கிலோமீற்றர் சைக்கிளோட்டமும் தட்டையான வீதியில்தான். நுவரெலியாவில் தட்டை என்று சொல்ல கிரகரி வாவியைச் சுற்றும் பாதையை விட்டால் வேறென்ன இருக்கிறது? விற்பவர் போட்டியை நினைத்து 80 மி.மீ. ஆழம் எடுக்கச் சொல்வார். கூட ஓடுபவர் ஏற்றத்தை நினைத்து 40 மி.மீ. போதும் என்பார். இரண்டு பேருமே இறக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இறக்கத்தை வைத்து முன் சில்லைத் தெரிவுசெய்யுங்கள், போட்டியை வைத்துப் பின் சில்லை. இரண்டும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எடைக் கணக்கு

டிஸ்க் பிரேக்குக்கான (சில்லின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் பிரேக்) ஸிப் நிறுவனத்தின் ஃபயர்கிரெஸ்ட் வரிசையை அளவுகோலாக எடுக்கலாம், ஒரே கைப்பக்குவத்தில் மூன்று ஆழம் கிடைக்கிறது என்பதால். நிறுவனம் சொல்லும் சோடி எடைப்படி, 40 மி.மீ. ஆழமுள்ள 303 சுமார் 1,355 கிராம், 58 மி.மீ. ஆழமுள்ள 404 சுமார் 1,450 கிராம், 80 மி.மீ. ஆழமுள்ள 808 சுமார் 1,635 கிராம். 303க்கும் 808க்கும் இடையே 280 கிராம்தான் வித்தியாசம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஒரு மணி நேர ஏற்றத்தில் அது சுமார் 12 விநாடி. போத்தலில் அரைவாசித் தண்ணீர் குறைவாக எடுத்தாலும் அதே பலன்.

ஏற்றத்தில் ஆழத்தால் லாபமும் பெரிதாக இல்லை. காற்றை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடிப்படி கூடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு சில்லு 16 வாட் மிச்சம் பிடித்தால், 20 கி.மீ. வேகத்தில் 2 வாட்தான் மிஞ்சும். அதோடு 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பை விடச் சுமார் 15 சதவீதம் குறைவு. ஆக, ஏற்றத்தை வைத்து 40ஆ 80ஆ என்று சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை.

பக்கக் காற்று

பின் சில்லில் விழும் பக்கக் காற்று சைக்கிளைக் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவுதான். முன் சில்லில் விழுந்தால் ஹேண்டிலையே திருப்பும். ஏரோ பாரில் (ஹேண்டிலில் முன்னோக்கி நீளும் பிடி) முழங்கையை ஊன்றி, இரு கையும் நடுவில் சேர்ந்திருக்கும் நிலையில் அதைத் திருப்பிப் பிடிக்க நெம்பு இல்லை. சீராக வீசும் காற்றுக்கு உடம்பு பழகிவிடும். ஆபத்து திடீர் வீச்சில் இருக்கிறது: மண்மேட்டை ஒட்டி இறங்கிக்கொண்டிருப்பீர்கள், மேடு முடிந்து பள்ளத்தாக்குத் திறக்கும் இடத்தில் ஒரே அடியாக அடிக்கும். எதிரே லொறி வரும் நேரம் அது நடந்தால் அரை மீற்றர் விலகுவதே அதிகம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையோடு காற்று. அதே காற்று மலையைத் தாண்டி வறண்டு ஊவாப் பக்கம் கச்சான் காற்றாக இறங்கும். மலைமுதுகில் உட்கார்ந்திருக்கும் ஹப்புத்தளையும், பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியும் அந்த மாதங்களில் 80 மி.மீ. முன் சில்லுக்கு உகந்த இடங்கள் அல்ல. 60 கிலோவுக்குக் குறைந்தவர் 40–45க்கு மேல் முன்னால் போடாமல் இருப்பது நல்லது. 75 கிலோவைத் தாண்டியவர் 60 வரை சமாளிப்பார்.

ஆழத்தைப் போலவே ரிம்மின் வடிவமும் முக்கியம். பழைய சில்லுகளில் ரிம் உள்பக்கமாகக் கத்திபோல ஒடுங்கும். பக்கக் காற்றில் காற்றோட்டம் அவற்றின் மேற்பரப்பை விட்டுச் சட்டென்று பிரியும். புதியவற்றின் உள்விளிம்பு மொட்டையாக, உருண்டு இருக்கும். கூரான பழைய 50 மி.மீ. சில்லு, உருண்ட புதிய 60ஐ விட மோசமாகத் தள்ளும். பாவித்த சில்லு வாங்குபவர்கள் ஆழத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

பிரேக்: இங்கேதான் விஷயம் இருக்கிறது

டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் சூடு ரிம்முக்குப் போகாது. ரோட்டர் (பிரேக் பிடிக்கும் தட்டு) 160 மி.மீ. போட ஃபிரேமும் ஃபோர்க்கும் இடம் தந்தால் முன்னும் பின்னும் 160 போடுங்கள். புது பேட் மாட்டியதும் இருபது தடவையாவது மிதமான வேகத்தில் அழுத்தி, முழுக்க நிறுத்தாமல் விட்டு, பழக்கி எடுங்கள். இந்தத் தலைப்பில் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

ரிம்மையே இருபக்கமும் பிடிக்கும் ரிம் பிரேக் சைக்கிள்தான் இங்கே அதிகம், பாவித்து விற்கும் ட்ரையத்லன் சைக்கிள்களில் இன்னும் அதிகம். ஒரு கணக்கு: மொத்தம் 85 கிலோ, 8 சதவீத இறக்கம், முடக்குகளுக்காக வேகத்தை 30 கி.மீ.யில் பிடித்துக்கொண்டு போகிறீர்கள். ஈர்ப்பு தரும் வலு சுமார் 550 வாட். காற்றும் டயரும் ஏறத்தாழ 140 வாட்டைத் தின்னும். மிச்சம் 400 வாட் இரண்டு ரிம்மிலும் சூடாக இறங்கும், பிரேக்கை விடும் வரைக்கும். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் உயர வித்தியாசம் 1,300 மீற்றருக்கு மேல். முன்னால் பஸ் ஒன்று ஊர்ந்தால் விடவும் முடியாது.

அலுமினியம் அந்தச் சூட்டை ரிம் முழுக்கப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் விடாது. சூடு பிரேக் தடத்திலேயே தேங்கி, இழைகளைப் பிடித்திருக்கும் பிசின் இளகும். உள்ளே இருக்கும் டயர் அழுத்தம் இளகிய சுவரை வெளியே தள்ளும். அறிகுறி முதலில் கைக்குத்தான் தெரியும்: சில்லு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் பிரேக் பிடி துடிக்கும். வீட்டுக்கு வந்ததும் வேர்னியரால் பிரேக் தடத்தின் வெளி அகலத்தைச் சுற்றிவர எட்டு இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கூடியிருந்தால் அந்த ரிம்மின் கதை முடிந்தது, அதற்கு வைத்தியம் இல்லை. மழையில் வேறு குறை: முதல் சில மீற்றருக்குப் பிரேக் பிடிப்பதே தெரியாது, பிறகு திடீரென்று பிடிக்கும்.

அப்படியும் முழுக் கார்பன் ரிம்தான் வேண்டும் என்றால் நிபந்தனைகள் சில உண்டு. சில்லுத் தயாரிப்பாளர் சொன்ன பேட்டை மட்டும் போடுங்கள். அலுமினிய ரிம்மில் ஓடிய பேட்டை மாற்றிப் போட்டால் அதில் புதைந்த உலோகத் துகள் கார்பனை உழுதுவிடும். லேட்டெக்ஸ் டியூப் வேண்டாம்; கார்பன் ரிம் பிரேக்குக்கு அதைப் பல நிறுவனங்கள் நேரடியாகவே தடுத்திருக்கின்றன. டியூபுலர் (ரிம்மில் பசையால் ஒட்டும் டயர்) ஒட்டினால் நீண்ட இறக்கத்தில் பசை இளகும். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி இறங்காமல், முடக்குக்கு முன் இறுக்கிப் பிடித்து, பிறகு முழுதாக விடுங்கள். அந்த விடும் நேரத்தில்தான் ரிம் ஆறும்.

எங்கள் தெரிவு வேறு. அலுமினிய ரிம்மின் மேல் கார்பன் உறை பொருத்திய சில்லுகள் இருக்கின்றன. ஹெட் ஜெட் வரிசை, ஃப்ளோ நிறுவனத்தின் பழைய 60 மி.மீ. சில்லு இரண்டும் அந்த வகை. முழுக் கார்பனை விடச் சில நூறு கிராம் கூட. மேலே பார்த்த கணக்குப்படி அது ஏற்றத்தில் சில விநாடிகள். காற்றை வெட்டுவதில் கிட்டத்தட்ட அதே வடிவம், பிரேக் பிடிப்பதோ அலுமினியத்தில். ரிம் பிரேக் வைத்திருக்கும் மலைநாட்டுக்காரருக்கு இதற்கு மேல் பொருத்தமான சில்லு இல்லை. ஆனால் புதிதாகக் கிடைப்பது அரிது, பாவித்ததில் தேட வேண்டும். தேடும்போது பிரேக் தடம் குழிந்து தேய்ந்திருக்கிறதா என்று ஒரு அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

டயர்

புதிய சில்லுகளில் பல கொக்கியில்லாத ரிம், அதாவது டயரின் விளிம்பைப் பிடிக்கும் உள்மடிப்பு இல்லாதவை. மேலே சொன்ன மூன்று ஸிப்பும் அப்படித்தான். அவற்றில் டியூப்லெஸ் டயர் மட்டுமே, அதுவும் நிறுவனத்தின் பட்டியலில் உள்ளது மட்டுமே. அழுத்தத்தின் உச்சம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. இதைத் தாண்டி அடித்தால் விளிம்பு கழன்று டயர் வெளியே வரும். பழக்கத்தில் 100 அடித்துவிடும் டயர்க் கடையில் இந்தச் சில்லைக் கொடுக்காதீர்கள். 80 கிலோவுக்கு மேற்பட்டவர் கொக்கியுள்ள ரிம்மை எடுத்தால் நிம்மதி.

டயரைப் பூட்டி, காற்றடித்த பின் அளந்த அகலத்தை விட ரிம்மின் வெளி அகலம் குறைந்தது 5 சதவீதம் கூட இருக்க வேண்டும். 30 மி.மீ. ரிம்முக்கு 28.5 மி.மீ. வரை. அதற்கு மேல் போனால் ஆழத்துக்குக் கொடுத்த பணம் வீண். சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஒரு டயருக்கு 30–40 மி.லீ., இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். 60 மி.மீ. ரிம்முக்கு 80 மி.மீ. வால்வு.

நுவரெலியாவில் அடித்த காற்றோடு கொழும்புக்கு இறங்கினால் வெளியழுத்தம் கூடுவதால் அழுத்தமானியில் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறையும். ஆனால் 15 பாகையிலிருந்து 30 பாகைக்கு வரும் சூடு அதை ஈடுசெய்துவிடும். போட்டிக் காலையில் ஒருமுறை அளந்தால் போதும்.

என்ன சேர்க்கை?

டிஸ்க் பிரேக் என்றால் முன்னால் 45–50, பின்னால் 60–80. போட்டிக்கு மட்டும் இன்னும் வேண்டுமானால் முழுத் தட்டுச் சில்லு (கம்பிகளுக்குப் பதில் முழுக்க மூடிய சில்லு) வாங்கத் தேவையில்லை, பின் சில்லில் பிளாஸ்டிக் மூடி மாட்டினாலே பெரும்பங்கு கிடைத்துவிடும். முன் சில்லில் மூடி கூடாது. பின்னால் தட்டு, மூடி எதுவானாலும் அந்தந்தப் போட்டியின் விதியைப் பார்க்க வேண்டும். ஹவாயின் கோனாவில் காற்றுக் காரணமாகப் பின் தட்டுச் சில்லுக்கே பல ஆண்டுகள் தடை இருந்தது. ரிம் பிரேக் என்றால் முன்னால் அலுமினியத் தடமுள்ள 45–60, பின்னால் அதே வகையில் இன்னொரு படி ஆழம்.

சீனாவிலிருந்து நேரடியாக வரவழைப்பவர்கள் ரிம்மை விடக் கம்பியையும் நிப்பிளையும் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு) கவனியுங்கள். ரிம்முக்குள் ஒளிந்த நிப்பிள் பார்க்க அழகு, ஆனால் ஒரு கோணலை எடுக்க டயர், சீலன்ட், டேப் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வெளியே தெரியும் நிப்பிளையே கேளுங்கள். கம்பிகள் இடது வலது, முன் பின் என்று நீளம் மாறும். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு உபரியாக அதே பெட்டியில் போடச் சொல்லுங்கள், பிறகு தனியாக வரவழைத்தால் தபால் செலவு கம்பியை விடப் பன்மடங்கு. ஹப்பின் பேரிங் எண்களை எழுதி வாங்கி வையுங்கள். பனியிலும் மழையிலும் ஓடும் சைக்கிளுக்கு செராமிக் தேவையில்லை, நல்ல சீல் உள்ள உருக்கு பேரிங் போதும். ஃப்ரீஹப் (பின் ஹப்பில் கசெட் எனும் பற்சக்கரத் தொகுதி ஏறும் பகுதி) ஷிமானோவுக்கா ஸ்ராமுக்கா என்பதையும் உறுதி செய்யுங்கள்: ஷிமானோவின் புதிய 12 வேக ரோட் கசெட் பழைய 11 வேக ஃப்ரீஹப்பில் ஏறும், ஸ்ராமின் 12 வேகத்துக்கு எக்ஸ்.டி.ஆர். என்ற வகை ஃப்ரீஹப் வேண்டும்.