கோட்டாறு லேத் பட்டறை: பிஸ்டன் கொண்டுபோகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்

பழைய டிராக்டர் எஞ்சின் வேலையை எங்கே கொடுத்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று தடவை போனில் சொல்லியாச்சு. நாலாவது ஆளுக்காக எழுதி வைக்கிறேன்.

நான் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியை. ஆட்டோமொபைல் பிரிவு. எங்கள் பிள்ளைகளுக்கு எஞ்சின் என்றால் பெரும்பாலும் புத்தகத்து வெட்டுப்படம்தான். போன வருஷம் ஒரு பையன், "தாத்தாவுக்க டிராக்டர் களத்துல சும்மா கிடக்கு டீச்சர், எஞ்சின எடுத்துக்கிடுங்க" என்றான். மாஸி ஃபெர்குசன் 35. பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின், ஏ3.152. அந்த 152 கன அங்குலக் கணக்கு. போர் (சிலிண்டர் உள்விட்டம்) 91.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 127 மி.மீ. என்று போட்டுப் பெருக்கி, 2,500 சிசி என்று பிள்ளைகளே கரும்பலகையில் எழுதிவிட்டார்கள். கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எஞ்சின் ஜாம். சிலிண்டரில் டீசலையும் மண்ணெண்ணெயையும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டு, ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து நெம்பிய பிறகுதான் இளகியது. ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியைக் கழற்றினால், பிஸ்டனின் மேல் ரிங் வந்து திரும்புகிற இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு. இரண்டாவது சிலிண்டரில் துருக்குழி. ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் உருளைக் குழாய்) மாற்றாமல் தீராது.

முதலில் போன பட்டறையில் அளவு பார்க்கும் கேஜைக் கையில்கூட எடுக்கவில்லை. "எடைக்குப் போடுங்க, வேற பிளாக் தாறேன்" என்றார்கள். பிளாக் என்றால் சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல். பெயர் வேண்டாம், விடுங்கள்.

பிறகுதான் நாகர்கோவில் கோட்டாறு. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பலகையில் மற்றதெல்லாம் அழிந்து 'லேத்' என்ற இரண்டெழுத்து மட்டும் மிச்சமிருக்கும் கடை. லோடு ஆட்டோ உள்ளே வராது. நாலு பையன்கள் பிளாக்கைக் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி பிளாக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பிஸ்டன் எங்க டீச்சரே?"

இன்னும் வாங்கவில்லை என்றேன்.

"பின்ன நான் எந்த அளவுக்கு அடிக்கதுக்கு?"

அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் சொன்னது சரி. பிஸ்டனை ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளியைச் சேர்த்துத்தான் அந்தந்த சிலிண்டரை போர் அடிக்கணும், அதாவது உள்ளே கடைந்து அகலப்படுத்தணும். பிஸ்டன் தலையில் 1, 2, 3 என்று பென்சிலால் எழுதிக்கொண்டார். பெர்கின்ஸ் எஞ்சினைச் சென்னை சிம்சன் கம்பெனி இங்கேயே செய்ததால் பிஸ்டன், ஸ்லீவ், பேரிங் எல்லாம் அலையாமல் கிடைத்துவிட்டது.

இந்தக் கடைக்காக நான் வாதாடுவது அடுத்து நடந்ததற்காக. கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கொடுத்ததும் அதைத் தாங்கிய பழைய பேரிங் ஓடு ஒன்றை ஒரு பையன் கையில் வைத்து, "லேய் மக்கா, பொறத்த என்ன எழுதியிருக்குன்னு வாசி" என்றார். எண்ணெய்க் கரி. சட்டை நுனியால் துடைத்தான். மங்கலாக 010.

"பத்து, அண்ணே."

"அப்பம் இந்த கிராங்க ஏற்கெனவே ஒருக்க கடைஞ்சாச்சு. ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல பத்து பாகம் போயாச்சு. இனி?"

"இருபது."

"அளந்து சொல்லு."

மைக்ரோமீட்டரை அவன் கையிலேயே கொடுத்தார். ஒரே ஜர்னலை (கிராங்கில் பேரிங் பிடிக்கும் உருளைப் பகுதி) இரண்டு பக்கமாக அளந்தால் இரண்டு அளவு வந்தது, முட்டைபோல ஆகியிருந்தது. பத்தோடு நிறுத்த வழியில்லை, 20 சைஸ்தான். அந்தத் தாத்தாவிடம் கேட்டால், முன்பு யார் கடைந்தது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. நான் இரண்டு வருஷம் பாடம் எடுத்தும் ஏறாத அண்டர்சைஸ் (கடைந்து குறைத்த அளவு) கணக்கு அந்தக் கரி பிடித்த ஓட்டில் ஏறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஸ்லீவ் இறக்கியது, போர் அடித்தது, ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்துக் கோடு போடுவது) எல்லாம் சுத்தம். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் குறுக்குமறுக்குக் கோடு மூன்று சிலிண்டரிலும் ஒரே சீராக இருந்தது. எண்ணெய் நிற்பது அந்தக் கோட்டில்தான். ஹெட் ஃபேஸிங்கும் (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவுவது) செய்யச் சொன்னேன். நேர்கட்டை வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லும் கடை இது.

குறையும் உண்டு. ஐந்து நாள் என்றார், பதினேழு நாள் ஆனது. சவேரியார் கோயில் திருவிழா நேரத்தில் கொடுத்தது என் தப்பு. டிசம்பர் 3 விடுமுறை வரை அந்தப் பக்கம் ஆட்டோ நுழையவே பாடு. ஆனால் போனில் கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்றது அவர் தப்பு. பில் கேட்டால் காலண்டர் தாளைக் கிழித்து எழுதித் தந்தார். லேத் கூலி மட்டும் 9,800. பள்ளித் தணிக்கைக்குக் காலண்டர் தாள் செல்லுமா? முறையான ரசீதுக்கு இன்னும் இரண்டு தடவை அலைந்தேன். உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

பிஸ்டனை இறக்கும்போது எங்கள் பையன் அவசரப்பட்டு சுத்தியலால் தட்ட, ரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் நழுவி ஒரு ரிங் இரண்டு துண்டு. ரிங் ஒற்றையாக எங்கே கிடைக்கும்? உடைந்ததை எடுத்துக்கொண்டு போனோம். திட்டுதான் முதலில். பிறகு டப்பாவைக் கவிழ்த்து அதே அளவில் ஒன்றைத் தேடி எடுத்து, "சிலிண்டருக்குள்ள வச்சு வாய் இடைவெளியப் பாத்துட்டு மாட்டு, சுத்தியல் கைப்பிடியால பைய தள்ளு" என்றார். காசு வாங்கவில்லை.

டீசல் குழாயில் இருந்த காற்றை (ஏர்) எடுத்து முடிக்கவே ஒரு மதியம் ஆனது. நாலாவது முறை ஸ்டார்ட்டர் கொடுத்தபோது வெள்ளைப் புகை கக்கிப் பிடித்தது. பத்து நிமிஷத்தில் புகை தெளிந்தது. சத்தத்தில் பக்கத்து வகுப்பு கலைந்ததற்கு மறுநாள் நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போங்கள், பிற்பகலில் போரிங் மெஷினில் நின்றால் தலை திருப்ப மாட்டார். பிஸ்டன், ரிங், பேரிங் கையில் இருக்கட்டும். ரசீதுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனை நம்பாதீர்கள்.