வால்நட் என்ற பெயரில் விற்கப்படும் கத்திப்பிடிக் கட்டைகள்: கடலூர், புதுச்சேரியில் கத்தி செய்பவர்கள் கவனத்திற்கு

புதுச்சேரியில் மரக்கட்டை வியாபாரி ஒருவர், “காஷ்மீர் வால்நட், இயற்கையாகச் சுருட்டை ரேகை விழுந்தது, ரெசின் ஏற்றி ஸ்டெபிலைஸ் செய்தது” (அதாவது, ஈரத்தால் உப்பிச் சுருங்காதபடி மரத்துக்குள் பிசினை இறக்கி இறுகவைத்தது) என்று சொல்லிக் கத்திப்பிடிக்கான கட்டைகளை விற்று வருகிறார். அவரிடம் நான் வாங்கிய கட்டைகள் வால்நட் அல்ல, அவற்றில் தெரிந்த ரேகை மரத்தில் விளைந்ததும் அல்ல, ரெசினும் ஏற்றப்படவில்லை. புகார் நடவடிக்கையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெளுத்தது ரேகைதான். பெல்ட் கிரைண்டரில் பிடியின் விளிம்பை உருட்டத் தொடங்கியதும், மேற்பரப்பில் அவ்வளவு அழகாகக் குறுக்கே ஓடிய கருப்பு வரிகள், அரை மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாமல், உப்புத்தாளில் பழுப்புத் தூளாக ஒட்டிக்கொண்டு மறைந்துவிட்டன. மீதியிருந்த வரிகளை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணி காப்பிப் பொடி நிறத்துக்கு வந்தது. உண்மையான சுருட்டை ரேகை என்பது மரத்தின் நார் அலையலையாக வளர்வதால் வருவது. ஆகவே அது கட்டையின் ஆழம் முழுவதும் இருக்கும். வெளிச்சத்தில் கட்டையைச் சாய்த்துத் திருப்பினால் இருண்ட வரி வெளுத்தும் வெளுத்த வரி இருண்டும் இடம் மாறும். சாய வரி எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அப்படியே நிற்கும். வியாபாரி படமாக மட்டும் அனுப்பி, வீடியோ கேட்டால் தட்டிக் கழித்ததன் காரணம் இப்போது விளங்குகிறது. கழிவுத் துண்டு ஒன்றை உளியால் நார்வாக்கில் பிளந்து பார்த்தேன். பிளந்த முகத்தில் அலையின் சுவடே இல்லை.

அடுத்து மரம். கட்டைகளின் இரு முனைகளிலும் மெழுகு தடித்துப் பூசப்பட்டிருந்தது. முனை வெடிக்காமல் இருக்க மெழுகு பூசுவது வழக்கம்தான் என்றாலும், ரெசின் ஏற்றிய கட்டைக்கு அது தேவையே இல்லை. மெழுகைச் சுரண்டி, கூர்மையான பிளேடால் முனையைச் சீவி, லென்ஸ் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுகிறது. வால்நட்டில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். வளையத்தின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும் நுண்துளைகள் முடிவை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். என்னிடமிருந்த கட்டையில் பெரிய துளைகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம் இருந்தது. அறுக்கும்போது பட்டறையில் இருந்த எல்லோரும் தும்மினோம். திருப்பாதிரிப்புலியூரில் நாற்பது ஆண்டாகத் தச்சு வேலை செய்யும் ஆசாரி ஒருவர் கையில் வாங்கியவுடனே “இது வாகைப்பா” என்றார். வாகை நல்ல மரம். நாற்காலி, மேசைக்கு நான் தயங்காமல் எடுப்பேன். ஆனால் வால்நட் விலைக்கு அல்ல.

கட்டையை மாற்றித் தரச் சொன்னபோது வியாபாரி, “வாகைய ஈஸ்ட் இந்தியன் வால்நட்னுதான் சார் ஏற்றுமதில சொல்றாங்க” என்றார். அப்படி ஒரு வணிகப் பெயர் இருப்பது உண்மையே. ஆனால் என்னிடம் காஷ்மீர் என்றல்லவா சொல்லி விற்றார்? தாவரவியல் பெயரில் சொன்னால், காஷ்மீர் வால்நட் ஜக்லான்ஸ் ரீஜியா. வாகை அல்பீசியா லெபெக். இரண்டுக்கும் குடும்பம்கூட ஒன்றல்ல. பில்லில் மரத்தின் பெயரே இல்லாமல் “வுட் பிளாக்” என்று மட்டும் எழுதியிருந்ததும் தற்செயலாக இருக்க முடியாது.

பணத்தைவிட எனக்கு அதிகம் உறைத்தது மூன்றாவது பொய். ரெசின் ஏற்றுவதற்கு முன் மரத்தின் ஈரம் ஏறக்குறைய முழுவதும் போயிருக்க வேண்டும். பிறகு வெற்றிடத்தில் ரெசினை உள்ளே இறக்கிச் சூட்டில் இறுகவைப்பார்கள். அப்படிச் செய்த கட்டையைச் சூடாக்கினால் எடை பெரிதாகக் குறையாது. என் கட்டை 92 கிராம் இருந்தது. அடுப்பில் 103 டிகிரியில் எடை நிலைக்கும் வரை வைத்த பிறகு 80 கிராம். அதாவது உலர்ந்த எடையில் 15 சதவீதம் ஈரம், ரெசின் அறவே இல்லை. அதன் விளைவைக் கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அக்காதான் முதலில் அனுபவித்தார். ஐப்பசி மழையில் நான் செய்து கொடுத்த கத்தியைச் சித்திரையில் கொண்டுவந்து, “தம்பி, பிடி கையக் கிழிக்குதுப்பா” என்று காட்டினார். மரம் சுருங்கி, நடுவில் இருக்கும் எஃகுத் தண்டு இரு பக்கமும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. பித்தளை ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல். இடுக்கில் மீன் நீர் புகுந்து துரு. புதுப் பிடி போட்டுக் கொடுத்துவிட்டேன், செலவு என்னுடையது.

வாங்க நினைப்பவர்கள் பணம் அனுப்பும் முன், மெழுகில்லாத, புதிதாகச் சீவிய முனையின் படத்தையும் கட்டையைச் சாய்த்துக் காட்டும் வீடியோவையும் கேளுங்கள். மரத்தின் பெயரையும் ரெசின் ஏற்றியதா என்பதையும் பில்லில் எழுதித் தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

“கேஸ் போடணும்னா பாண்டிச்சேரிக்குத்தான் வரணும்” என்றும் அந்த வியாபாரி மிரட்டிப் பார்த்தார். அது உண்மையல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அவர் தரப்பில் சொல்லக்கூடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்கு அதே சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டுக் கடலூர் ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்திருக்கிறேன். கட்டைகளின் விலை, மாற்றிப் போட்ட பிடிகளின் செலவு ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன். சாயம் ஏறிய துணியும் பிளந்த துண்டும் பில்லோடு ஒரே உறையில் இருக்கின்றன.