ராஸ்பெரி பையில் கிராபிக்ஸ் கார்ட்: ரேடியோனா, ஜீஃபோர்ஸா?

ராஸ்பெரி பை 5 என்ற கையளவுக் கணினியில் (சுருக்கமாகப் 'பை') வெளியிலிருந்து ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பூட்டலாம் என்று தெரிந்ததிலிருந்து, திருகோணமலையில் கணினியோடு மல்லுக்கட்டும் என் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கார்ட்? நான் வாங்கியது ஏஎம்டியின் ரேடியோன் ஆர்எக்ஸ் 6600, செகண்ட் ஹாண்டில். இன்னும் கொஞ்சம் காசு போட்டிருந்தால் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060 கிடைத்திருக்கும். நாளைக்கே திரும்ப வாங்க வேண்டி வந்தாலும் ரேடியோன்தான் வாங்குவேன்.

சாதாரண கணினி இருக்க பை எதற்கு என்றால், கரண்ட் பில். பகல் முழுவதும் இயங்கி, கேட்கும்போது மட்டும், சாட்ஜிபிடி போல எழுதிப் பதில் சொல்லும் ஒரு சிறிய மொழி மாதிரியை இணையம் இல்லாமல் ஓட்டுகிற பெட்டி எனக்குத் தேவைப்பட்டது. வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஆங்கில வாக்கியங்களை அதில் எழுதித் திருத்திக்கொள்கிறார்கள். பை சும்மா இருக்கும்போது சில வாட் மட்டுமே இழுக்கும். மாதிரியை ஓட்டும் கார்டுக்குத் தனி பவர் சப்ளை உண்டு.

காகிதத்தில் பார்த்தால் 3060-தான் முன்னால் நிற்கிறது. அதில் 12 ஜிபி நினைவகம், 6600-இல் 8. மின்சாரத்தில் மட்டும் 6600 சிக்கனம்: 3060 170 வாட், 6600 132. கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்த என்விடியா தரும் மென்பொருளான கூடா 3060-இல் ஓடும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களில் பல அதை நம்பித்தான் எழுதப்படுகின்றன. விற்கப் போனாலும் அதுதான் சீக்கிரம் போகும். வழக்கமான இன்டெல் கணினியில் போடப் போகிறீர்கள் என்றால் 3060-ஐயே எடுங்கள்.

பை அப்படிப்பட்ட கணினி அல்ல. கடையில் கிடைக்கும் கிராபிக்ஸ் கார்டுகள் பொதுவாக எக்ஸ்86 கணினியை, அதாவது இன்டெல், ஏஎம்டி செயலிகள் உள்ள வழக்கமான கணினியை, மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. கார்டின் ரோமில் (நிலையான நினைவகத்தில்) இருக்கும் தொடக்க நிரல் எக்ஸ்86 செயலிக்கானது. பையில் இருக்கும் ஏஆர்எம் வகைச் செயலி அதை நேராக ஓட்டாது. அதனால்தான் பையை இயக்கியதும் கார்டில் மாட்டிய திரை கறுப்பாகவே கிடக்கும். கார்டை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் டிரைவர் ஏறிய பிறகுதான் உயிர் வரும். ரேடியோன் கார்டை எழுப்பும் படிகள் ரோமிலேயே ஆட்டம்பயாஸ் என்ற அட்டவணைகளாகவும் இருக்கின்றன. அவற்றைப் படித்து நிறைவேற்றும் பகுதி லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் திறந்த மூலநிரலாக இருப்பதால், செயலி எதுவானாலும் கவலையில்லை.

அடுத்த சிக்கல்தான் பெரியது. எக்ஸ்86 கணினியில் கார்ட் கணினியின் நினைவகத்தைத் தொடும்போது, செயலியின் கேஷில் (செயலிக்குள் இருக்கும் தற்காலிக நினைவகத்தில்) இருக்கும் புதிய மதிப்பையும் வன்பொருளே கவனித்துக்கொள்ளும். கார்டைப் பையோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பில் அந்தக் கவனிப்பு இல்லை. செயலி கட்டளையை எழுதிவிட்டேன் என்று நினைக்கும். அது இன்னும் கேஷிலேயே கிடக்கும். கார்ட் பழைய குப்பையைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிடும். கெர்னல் பதிவில் 'ரிங் டைம்அவுட்' (கட்டளை நேரத்துக்குள் முடியவில்லை) என்று ஒரு வரி வரும், அப்புறம் கார்ட் ரீசெட். முதல் தடவை அதைப் பார்ப்பவர் கார்ட் பழுது என்றுதான் நினைப்பார். கார்டில் பழுதே இல்லை.

இதற்கு மருந்து டிரைவருக்குள் இருக்கிறது. நினைவகப் பக்கங்களைக் கேஷில் வைக்கலாம் என்று டிரைவர் குறிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, கேஷைத் தவிர்த்து எழுதும் வகைக்கு மாற்ற வேண்டும். சில வரித் திருத்தம்தான், ஆர்வலர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக் கெர்னலைத் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கினால் பின்னேரத்துக்குள் பையிலேயே முடிந்துவிடும். இப்படி ஒரு திருத்தத்தை ஏஎம்டி நமக்காகச் செய்து தர வேண்டியதில்லை, பை என்ற பொருளையே அது கண்டுகொள்ள வேண்டியதில்லை. 2007-இல் அந்த நிறுவனம் தன் கார்டுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015-இல் ஏஎம்டிஜிபியு டிரைவர் லினக்ஸ் 4.2-இல் சேர்ந்தது. அதற்கு மேல் இருக்கும் கிராபிக்ஸ் நிரல்தொகுப்பான மெசாவும் திறந்ததுதான். கெர்னலிலிருந்து, நிரல்கள் கார்டிடம் வேலை சொல்லும் இடைமுகமான வல்கன் வரை எந்த இடத்தில் சிக்கினாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

என்விடியாவில் கதை பாதி வரைதான் போகும். 2022-இல் கெர்னல் பகுதியைத் திறந்தார்கள், நல்ல காரியம். டியூரிங் (ஆர்டிஎக்ஸ் 20, ஜிடிஎக்ஸ் 16 வரிசைகள்) தலைமுறைக்கும் அதற்குப் பிந்திய கார்டுகளுக்கும் அது பொருந்தும் என்பதால் 3060 உள்ளே வருகிறது. நினைவகத் திருத்தத்தை அதிலும் முயலலாம். ஆனால் கூடாவும் வல்கனும் இருக்கும் மேல்பகுதி மூடியேதான் இருக்கிறது. நிறுவனம் எந்தச் செயலிக்குத் தொகுத்துத் தருகிறதோ அதில்தான் ஓடும், தரும் வரைக்கும்தான் ஓடும். ஐபிஎம்மின் பவர் செயலிகளுக்குக் கூடா கொடுத்து வந்தார்கள், 12.4 பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். அதே பவர்9 இயந்திரங்களில் ரேடியோன் இன்றும் வேலை செய்கிறது. என்விடியா கார்டுகளுக்காக மெசாவில் இருக்கும் திறந்த வல்கன் டிரைவரான என்விகே வளர்ந்து வருகிறது; நான் அதைக் கொஞ்சம்தான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் அதன் வேகம் பற்றி என் பேச்சை எடுக்க வேண்டாம்.

பழைய கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிடிஎக்ஸ் 1060-ஐ மட்டும் பைக்கு வாங்கிவிடாதீர்கள். அது பாஸ்கல் தலைமுறை. திறந்த கெர்னல் பகுதி அதற்கு இல்லை. ஆர்வலர்கள் எழுதிய திறந்த நூவோ டிரைவரில் போட்டாலும், என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) தடுப்பதால் வேகத்தை உயர்த்த முடியாது. இயக்கியபோது இருந்த குறைந்த வேகத்திலேயே கிடக்கும். என்விடியாவின் சொந்த டிரைவரிலும் பாஸ்கலுக்கு 580 தான் கடைசிக் கிளை (பதிப்பு வரிசை).

கார்டைக் காலத்துக்கும் பராமரிப்பதிலும் இதே வேறுபாடுதான். 2012-இல் கடைக்கு வந்த ரேடியோன் எச்டி 7970-ஐ இன்றைய கெர்னலில் போட்டாலும் டிரைவர் இருக்கிறது. அதே ஆண்டின் ஜிடிஎக்ஸ் 680-க்கு என்விடியாவின் 470 கிளை 2024-இல் முடிந்தது. கொழும்பிலிருந்து வரவழைத்து, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றும் கார்டை மென்பொருள் முந்திக்கொண்டு கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரேடியோனின் குறைகளையும் சொல்ல வேண்டும். திறந்தது டிரைவர், ஃபர்ம்வேர் இங்கேயும் மூடியதுதான். வன்பொருளையே முழுதாகத் திறக்கப் பார்த்த ஓப்பன் கிராபிக்ஸ் திட்டம் 2004-இல் தொடங்கி, எஃப்பிஜிஏ (நிரலால் மாற்றியமைக்கக்கூடிய சிப்) வைத்த ஒரு சோதனைப் பலகை வரை வந்து நின்றுபோனது. நம் கைக்கு எட்டும் கார்ட் எதுவும் அதிலிருந்து வரவில்லை. எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்டதை 2024-இல் எச்டிஎம்ஐ அமைப்பு மறுத்தது. 4கே திரையில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்தான் நல்லது. கூடாவுக்கு ஈடாக ஏஎம்டி தரும் ராக்எம்மைப் பையில் எதிர்பார்க்க முடியாது. மொழி மாதிரிகளை ஓட்டும் நிரலான லாமா சிபிபியை வல்கனோடு தொகுத்தால் போதும், என் வேலை அதில்தான் நடக்கிறது. பையின் ஒற்றைப் பிசிஐஇ தடத்தால் மாதிரி கார்டுக்குள் ஏறச் சற்று நேரம் பிடிக்கும். ஏறிவிட்டால் அப்புறம் தடையில்லை. கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் திருத்தத்தைத் திரும்பப் போட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் பையின் பக்கமே போக வேண்டாம்.

இன்டெல் ஆர்க்கின் எக்ஸ்இ டிரைவரும் திறந்ததுதான், 2024-இல் லினக்ஸ் 6.8-இல் சேர்ந்தது. அந்தக் கார்ட் என் கைக்கு வந்ததில்லை. கூடா இல்லாமல் வேலை நடக்காது என்பவர்கள் டியூரிங்குக்குக் கீழே போகாமல் ஒரு ஜீஃபோர்ஸ் எடுத்து, அதைச் சாதாரண கணினியிலேயே போடுங்கள்.