ஊர் ஊராகச் சுவை தேடும் ஆஸ்டெரிக்ஸ்

கோசினி எழுத, உதெர்சோ வரைந்து, 1965-இல் பிரெஞ்சு மொழியில் நூலாக வெளிவந்த ‘ஆஸ்டெரிக்ஸ் அண்ட் தி பேங்க்வெட்’, சாப்பாட்டுப் பிரியர்கள் அவசியம் வாங்க வேண்டிய காமிக்ஸ். ரோமானியர்கள், தங்களுக்கு அடங்காத பண்டைய பிரான்ஸ் வீரன் ஆஸ்டெரிக்ஸின் கிராமத்தைச் சுற்றி வேலி அடைத்துவிட, அதைத் தாண்டிச் சென்று நாடெங்கும் உள்ள சிறப்பு உணவுகளைத் திரட்டிவந்து விருந்து வைப்பதாக ஆஸ்டெரிக்ஸ் பந்தயம் கட்டுகிறான். பாரிஸின் பன்றித் தொடைக்கறி, நீஸ் நகரத்துச் சாலட், மார்செய்யின் மீன் குழம்பு, போர்டோவின் சிப்பி என மூட்டை கனத்துக்கொண்டே போகிறது. ஊருக்கு ஊர் கதை ஒரே தடத்தில் ஓடுவது குறைதான். ஆனால், பாரிஸ் இறைச்சிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை நாய்க்குட்டி, எவரும் கவனிக்காமலே பின்தொடர்ந்து வருவதை உதெர்சோ கட்டங்களின் ஓரத்தில் வரைந்திருக்கும் நேர்த்திக்காகவே இந்நூலை மறுபடியும் நிதானமாகப் புரட்டலாம். பின்னாளில் ஆஸ்டெரிக்ஸின் நண்பன் ஓபலிக்ஸை விட்டுப் பிரியாத தோழனாகும் குட்டி அதுவே.