பிள்ளைகளின் சண்டை விளையாட்டு: சட்டப் பூட்டா, வீட்டுப் பூட்டா?

திருநெல்வேலி மாவட்டத்தில் மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பல வீடுகளில் அம்மாவின் போன்தான் பிள்ளைக்கும். கணக்கும் அம்மாவுடையது என்பதால் போனில் ஆடும் சண்டை விளையாட்டுக்குப் பிள்ளையின் வயது தெரிவதே இல்லை. இதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமா, வீட்டிலேயே பூட்டினால் போதுமா?

சட்டம் எல்லா வீட்டுக்கும் பொது; அதுதான் அதன் பலம். ஆனால் 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு தடையானது நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை காரணமாக, வன்முறைக்காக அல்ல. மறு ஆண்டே அதன் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வந்தது. 2022-ல் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு சண்டை விளையாட்டு தடையானபோதும் அதன் மறுவடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கிடைத்தது. பெயரைத் தடுத்துப் பயனில்லை. வயதைச் சரிபார்க்கும் கடுமையான விதிதான் தேவை.

வீட்டுப் பூட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். ப்ளே ஸ்டோரில் மேலே உள்ள கணக்குப் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரண்டல் கன்ட்ரோல்ஸ் என்று போங்கள். நான்கு இலக்க ரகசிய எண்ணை (பின்) கொடுத்து, கேம்ஸ் வயதை 7+ ஆக்குங்கள். போனைத் திறக்கும் எண்ணையே பின்னாக வைத்தால் அன்றைக்கே உடைந்துவிடும். ஏற்கெனவே இறங்கிய விளையாட்டை இது நீக்காது, நாம்தான் அழிக்க வேண்டும். பெரிய ஓட்டை, ப்ளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவ வாட்ஸ்அப்பில் கைமாறும் ஏபிகே கோப்பு. வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் வெளி ஆப்களை நிறுவும் அனுமதியை அணைத்தால்தான் அது அடைபடும்.

சட்டம் வரட்டும், அதுவரை வீட்டுப் பூட்டே கைகொடுக்கும். ஆச்சி போனிலும் போட்டுவிடுங்கள், முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளை அங்கேதான் போகும்.