குச்சி மருந்தா, உருண்டை மருந்தா?

308 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கித் தோட்டாவை நானே நிரப்ப ஆரம்பித்தபோது, எரிந்து குண்டைத் தள்ளும் வெடிமருந்தாக முதல் இரண்டு வருடம் போட்டது உருண்டை மருந்துதான். இப்போது அலமாரியில் நிற்பது வார்கெட் என்கிற குச்சி மருந்து. மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, வெயில். அதற்கு முன், இரண்டுக்கும் பொதுவான சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டுமே நைட்ரோசெல்லுலோஸ் என்கிற, சட்டென்று எரியும் பொருள்தான். மாவாகப் பிசைந்து, துளை வழியே பிதுக்கி, துண்டு துண்டாக நறுக்கினால் குச்சி. பார்க்க ஒடிந்த பென்சில் முனை மாதிரி இருக்கும். நடுவில் ஒரு நுண்துளையும் உண்டு. வெளிப்பரப்பு எரிந்து சுருங்கச் சுருங்க உள்துளை விரியும், அதனால் வாயு சீராக வரும். உருண்டை வேறு ரகம். 1930களில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் பிறந்தது. கரைசலாக்கி, தண்ணீருக்குள்ளேயே மணிமணியாகத் திரட்டி எடுப்பார்கள். பெரும்பாலும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கும். எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது முக்கியமாக மேற்பூச்சு.

அளப்பதில் உருண்டைக்கு நிகரில்லை, இதில் வாதமே வேண்டாம். நுண்மணல் போல ஓடும். அளவுக் கருவியின் கைப்பிடியை ஏற்றி இறக்கினால் போதும், தராசில் 0.1 கிரெயினுக்குள் நிற்கும் (1 கிராம் என்பது சுமார் 15.4 கிரெயின்). குச்சியை ஊற்றினால் கைப்பிடி பாதியில் சிக்கும். அழுத்தினால் ‘நறுக்’ என்று குச்சி வெட்டுப்படும் சத்தம் கேட்கும். அளவு 0.3 கிரெயின் வரை முன்பின் ஆகும். அதனால் நான் கொஞ்சம் குறைத்தே ஊற்றி, மீதியைத் தராசுத் தட்டில் துளித்துளியாகச் சேர்க்கிறேன். 50 தோட்டாவுக்கு ஒரு மணி நேரம் போகிறது. வார்கெட்டின் குச்சி குட்டையானது என்பதால் இந்த அளவோடு போயிற்று. நீளக் குச்சியான ஐஎம்ஆர் 4064 என்கிற மருந்து பொறுமையை ரொம்பவே சோதிக்கும்.

சரி, வெயிலுக்கு வருகிறேன். என் பழைய உருண்டை மருந்தின் அளவை ஒரு குளிர்காலத்தில், 10 டிகிரி காலை வேளையில் பார்த்துப் பார்த்து அமைத்தேன். தோட்டா நிரப்பும் கையேட்டில் சொன்ன உச்ச அளவுக்குச் சற்றே கீழே. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதே தோட்டாக்களைக் கோடையில் 38 டிகிரியில் எடுத்துப் போனேன். பெட்டியை மூடாமல் மேசை மேல் வைத்தது என் தப்பு. ஏழாவது தோட்டாவுக்குப் பிறகு தோட்டாவை உள்ளே பூட்டும் போல்ட்டைத் தூக்க உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்த வெற்றுக் கூட்டைத் திருப்பிப் பார்த்தால், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் விளிம்பு தட்டையாகி ஓரத்தோடு ஒட்டிக் கிடந்தது. கூட்டின் அடியில், அதை வெளியே தள்ளும் எஜெக்டர் பதிந்த பளபளப்பான வட்டம். அழுத்தம் எல்லை தாண்டியதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அன்றோடு நிறுத்தி, மீதி 43 தோட்டாக்களையும் வீட்டில் சுத்தியல் மாதிரிக் கருவியால் தட்டித் தட்டிக் குண்டைக் கழற்றினேன்.

அப்புறம்தான் வார்கெட் வாங்கினேன். உருண்டையையும் அளவு குறைத்து நிரப்பி, இரண்டையும் குளிரிலும் வெயிலிலும் பத்துப் பத்தாகச் சுட்டு வேகமானியில் பார்த்தேன். குண்டு இரண்டிலும் 168 கிரெயின். உருண்டை மருந்து வெயிலில் நொடிக்கு ஏறக்குறைய 60 அடி கூடியது. வார்கெட்டில் 15 அடிக்குள். பத்துத் தோட்டா என்பது சின்னக் கணக்கு, இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போக்கு தெளிவு. 60 அடி வேக வித்தியாசம் 100 கெஜத்தில் கண்ணுக்கே தெரியாது. 600 கெஜத்தில் குண்டு விழும் இடம் கிட்டத்தட்ட அரை அடி மாறும். காலையில் சரிசெய்த ஸ்கோப்பை மதியம் திரும்பவும் திருகிக்கொண்டிருப்பேன். சூடேறிய குழலுக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தாலும் இதே தொல்லைதான்.

வார்கெட் ஆஸ்திரேலியாவில் தயாராகி ஹாட்ஜ்டன் என்கிற அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் விற்பது. அங்கே இதன் பெயர் ஏஆர்2208. எச்4895-உம் இதே குடும்பம், வெப்பத்துக்கு அசையாத ரகம். ஃபின்லாந்தின் வீடாவூரி என்140 ஒரே ஒரு டப்பா தீர்த்திருக்கிறேன். குழல் சுத்தமாக இருந்தது, கோடையில் சுட வாய்க்கவில்லை.

உருண்டையில் கரியும் கூடுதலாகப் படிகிறது, என் குழலில் அப்படி. இதற்குப் பெரிய கதை ஒன்று உண்டு. 1960களில் எம்16 துப்பாக்கியின் தோட்டாவில் குச்சி மருந்தை நீக்கி உருண்டையை நுழைத்தார்கள். சுடும் வேகம் ஏறியது, கசடு சேர்ந்தது, வியட்நாமில் துப்பாக்கிகள் சிக்கின. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது. தோட்டா உட்காரும் அறைக்குள் குரோம் பூசாதது போன்ற வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டதால், பழி முழுவதையும் மருந்தின் மேல் போடுவது நியாயமில்லை. இப்போதைய உருண்டை மருந்துகள் எவ்வளவோ தேவலை. அவற்றில் சிஎஃப்இ 223 என்பது குழலில் செம்பு படிவதைக் குறைக்கவென்றே வந்தது. 223 ரகத் தோட்டாவை நூற்றுக்கணக்காக நிரப்புகிறவருக்கு உருண்டையைத்தான் சொல்வேன். ஆனால் என் அனுபவம் ஒரே ஒரு போல்ட் ரைஃபிளோடு சரி, தானியங்கித் துப்பாக்கிக்கு நண்பருக்காகச் சில டஜன் நிரப்பியதோடு முடிந்தது.

மருந்தை மாற்றுகிறவர்கள், மருந்துகளை எரியும் வேகப்படி அடுக்கும் எரிவேகப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கிறது” என்று பழைய அளவையே ஊற்றிவிடக் கூடாது. அந்தப் பட்டியல் வரிசையை மட்டும்தான் சொல்லும், இடைவெளியைச் சொல்லாது. எச்4895-உம் ஐஎம்ஆர் 4895-உம் எண்ணில் ஒன்று, மருந்தில் வேறு. கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் நானும் வார்கெட்டில் ஏறினேன். அதே மருந்தில் புது லாட் (வேறு தயாரிப்புத் தொகுதி) வாங்கினால் மறுபடியும் கீழிருந்துதான்.

அரை டப்பா உருண்டை இன்னும் மிச்சமிருக்கிறது. குறைந்த அளவில் நிரப்பி 100 கெஜப் பயிற்சிக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெட்டியின் மூடியில் சிவப்பு மையில் ‘நிழலில் வை’ என்று எழுதியிருக்கிறேன்.